எதன்மேல் காலூன்றி

முன்னொரு காலத்தில், ஓர் ஆற்றின் தென்கரையில் சின்னதாக ஒரு நாடு இருந்தது. எவ்வளவு முன்னால் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நாட்டுக்கு அப்போது நாற்பது வயது என்பது மட்டும் தெரியும். கோட்டை மதில் எழும்பிவிட்டது, வாசல் வைப்பதுதான் பாக்கி.

அந்த நாட்டை மழவராயர் என்ற மன்னர் ஆண்டு வந்தார். நல்ல மனிதர். பசித்தவனைக் கண்டால் தன் இலையை அவன் பக்கம் நகர்த்திவிடுவார். ஆனால் மனத்தில் ஓர் ஆசை புகுந்துவிட்டால், பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் தூள் மாதிரி, அது வெளியே வரும்வரை தானும் சும்மா இருக்க மாட்டார், மற்றவர்களையும் இருக்க விடமாட்டார்.

அந்த வருடம் அப்படி ஓர் ஆசை வந்தது. கிழக்கு நாட்டுத் தூதர் ஒருவர் விருந்துக்கு வந்திருந்தார். அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மன்னா, எங்கள் நாட்டைச் சூரிய பகவானே வந்து நிறுவினார். எங்கள் கோட்டை வாசலில் அவர் பெயரைப் பொறித்திருக்கிறோம். தங்கள் நாட்டை நிறுவிய தெய்வம் எதுவோ?" என்று கேட்டார்.

மன்னருக்குப் பதில் தெரியவில்லை. வாயில் இருந்த அதிரசத்தை வேண்டுமென்றே நெடுநேரம் மென்றார். தூதர் புரிந்துகொண்டு பேச்சை மாற்றினார். அதுதான் மன்னரை அதிகமாகச் சுட்டது.

மறுநாளே முரசு அறைந்தார்கள். நாட்டை நிறுவிய தெய்வம் எது என்று அறிந்தவர்கள் அவைக்கு வரலாம். வந்தார்கள். சிவன் கோயில் ஈசான பண்டிதர் வந்து, "எம்பெருமான் சடையைத் தட்டினார், ஆறு இரண்டாகப் பிளந்தது, நம் முன்னோர் நடந்து வந்தார்கள்" என்றார். பெருமாள் கோயில் வடமலை பட்டர் வந்து, "அனந்தன் படம் விரித்துப் பாலமானான், அதன்மேல் நடந்து வந்தார்கள்" என்றார். சமணப் பள்ளியின் சாந்திநந்தி அடிகள் வந்து, "அருகதேவர் திருமுன் ஆறு தானே வற்றியது" என்றார். மூன்று பேர் கையிலும் புராண ஓலைச் சுவடி இருந்தது. மூன்றையும் பாடியவர் ஒரே ஆள், அவைப்புலவர் நாவேந்தர். கேட்டவர்களுக்கெல்லாம் மறுக்காமல் பாடிக் கொடுத்திருந்தார்.

பேச்சு அவையோடு நிற்கவில்லை. கடைத்தெருவுக்கு வந்தது, கிணற்றடிக்கு வந்தது. அதுவரை ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் பந்தல் கட்டியவர்கள், "உங்கள் சாமியா நாட்டை உண்டாக்கியது?" என்று முறைக்க ஆரம்பித்தார்கள். நிச்சயித்த இரண்டு கல்யாணங்கள் நின்றுபோயின. ஒரு தண்ணீர்ப் பந்தலில் மூன்று பானைகள் வைத்தார்கள். ஒரு நாள் அந்த மூன்றும் உடைந்து கிடந்தன.

மன்னர் மிரண்டுபோனார். ஆனாலும் ஆசை விடவில்லை.

இந்தச் சமயத்துக்காகத்தான் அமைச்சர் பல்லவராயர் காத்திருந்தார். அவருக்கு அவை விகடகவி காரிக்கூத்தரைக் கண்டால் ஆகாது. கோட்டையை மலைமேல் கட்டலாம் என்று பல்லவராயர் யோசனை சொன்னபோது, "கட்டலாம், எதிரியும் ஏறமாட்டான், தண்ணீரும் ஏறாது" என்று காரிக்கூத்தர் சொல்ல, மன்னர் சிரித்துவிட்டுக் கோட்டையை ஆற்றங்கரைக்கே கொண்டுவந்துவிட்டார். அன்றிலிருந்து கசப்பு.

"மன்னர் பெருமானே! அறிஞர்களால் தீராத வழக்கு இது. காரிக்கூத்தரின் கூரிய அறிவிடம் ஒப்படைக்கலாமே" என்றார் அமைச்சர். "கோட்டை வாசல் அடிக்கல்லில் ஒரே ஒரு பெயரை அவர் பொறிக்கட்டும். மூன்று சமயத்தாரில் ஒருவரும் அதைக் குறை சொல்லக் கூடாது. சொன்னால் காரிக்கூத்தர் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். இவ்வளவு கடுமையாக இல்லாவிட்டால் அவர் இதையும் வேடிக்கையாக்கி விடுவார்."

தலைவலி தன்னை விட்டு இன்னொருவருக்குப் போகிறதே என்ற நிம்மதியில் மன்னர் சரி என்று தலையசைத்துவிட்டார். அசைத்த பிறகுதான் காரிக்கூத்தரின் முகத்தைப் பார்த்தார். அதற்குள் அமைச்சர் ஆணையைச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

"'இந்த நாடு எந்தத் தெய்வத்தால் உண்டாயிற்றோ' என்று எழுதும், புலவரே."

நாவேந்தர் எழுத்தாணியை நிறுத்தினார். "உரைநடை மொட்டையாக இருக்கிறது. 'இந்த நாடு எதன்மேல் காலூன்றி எழுந்ததோ' என்று எழுதினால் அரச ஆணைக்கு ஒரு கம்பீரம் வரும்."

"எப்படியோ எழுதும்."

எழுதினார்கள். மன்னரின் முத்திரை விழுந்தது. பதினைந்து நாள் தவணை.

காரிக்கூத்தர் வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி நாச்சி பாத்திரங்களைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள். சேதி அவருக்கு முன்னால் வந்துவிட்டது.

"எந்த ஊருக்குப் போறோம்?" என்றாள்.

"இன்னும் போகச் சொல்லலையே."

"மூணு பேரும் ஒத்துக்கிற மாதிரி ஒரு பேரு உங்களால சொல்ல முடியுமா? நம்ம பிள்ளைக்குப் பேர் வைக்கவே உங்க அம்மாவும் எங்க அம்மாவும் ஆறு மாசம் பேசாம இருந்தாங்க." அவள் அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். "அம்மியை மட்டும் விட்டுட்டு வரமாட்டேன். சொல்லிட்டேன்."

காரிக்கூத்தர் சிரிக்க முயன்றார். வரவில்லை. தான் போவது பெரிதில்லை. யார் பெயரைப் பொறித்தாலும் மற்ற இரண்டு கூட்டமும் கல்லெடுக்கும். உடைவது பானையோடு நிற்காது.

மூன்று புராணங்களையும் வாங்கிவந்து நாலு நாள் படித்தார். ஐந்தாம் நாள் திடீரென்று சுவடியை மூடினார்.

"நாச்சி, இதில் ஒரு விசேஷம் பார்த்தாயா? ஆயிரம் பேர் ஆற்றைக் கடந்து வந்திருக்கிறார்கள். மூன்று புராணத்திலும் ஒருத்தர் வேட்டிகூட நனையவில்லை."

"அதனால?"

"நனைந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களைக் கேட்கவேண்டும்."

ஆற்றுத்துறையில் ஆவுடைச்சி என்று ஓர் ஓடக்காரி இருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் இரண்டும் தேக்கு மாதிரி இருக்கும். காரிக்கூத்தர் அவள் ஓடத்தில் ஏறி இக்கரைக்கும் அக்கரைக்குமாக மூன்று முறை போய்வந்தார். நாலாம் முறை அவளே கேட்டாள்.

"என்ன தம்பி, எறங்குற உத்தேசமே இல்லையா?"

"அக்கா, நம் ஜனங்கள் இந்த ஆற்றைக் கடந்தபோது நீங்கள் இருந்தீர்களா?"

"இருந்தேனே. பதினஞ்சு வயசு."

"ஆறு பிளந்ததா?"

ஆவுடைச்சி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "பொளந்திருந்தா எங்கப்பன் எதுக்குச் சாவறான்?"

பிறகு சொன்னாள். வடகரை ராஜா ஒரு நாள் ஆணை போட்டான். இனி யாரும் அவரவர் சாமியைக் கும்பிடக் கூடாது, என் குலசாமி பேர் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றான். சொல்லாதவர்கள் வீடு எரிந்தது. மூன்று சாமி கும்பிடுகிறவர்களும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடி வந்தார்கள். ஆற்றில் வெள்ளம். படகுகளை ராஜாவின் ஆட்கள் ஏற்கெனவே கொளுத்திவிட்டார்கள். பின்னால் குதிரைச் சத்தம்.

"பெருமா கோயில் தேரு கரையில நின்னுச்சு. இப்ப இருக்கிற பட்டரய்யாவோட அப்பா, அவரே கோடாலி எடுத்தாரு. சாமி ஏறுன தேரு தம்பி. அழுதுகிட்டே பலகை பலகையா ஒடைச்சாரு. சிவன் கோயில் தேர் வடத்தைப் பண்டிதரோட அப்பா தூக்கிட்டு வந்தாரு. எங்கப்பன் அந்த வடத்த இடுப்புல கட்டிக்கிட்டு நீந்தி இந்தக் கரையில மரத்துல கட்டுனான். கட்டுனதோட சரி, மூச்சு நின்னுபோச்சு. வடத்தப் புடிச்சுக்கிட்டு, பலகைய தெப்பமாக் கட்டி, ஆளு, மாடு, வண்ணான் கழுதை எல்லாம் அதுமேலதான் வந்துச்சு."

"சமண அடிகள்?"

"தண்ணிக்குள்ள உசுரு இருக்குன்னு ஆத்துல கால் வைக்காதவங்க அவங்க. அன்னிக்குக் கழுத்துத் தண்ணியில வரிசையா நின்னு, தெப்பத்துல எடம் இல்லாத பிள்ளைங்கள தோள் மாத்தித் தோள் மாத்திக் கரையேத்துனாங்க. யார் வீட்டுப் பிள்ளைன்னு ஒருத்தரும் கேக்கல."

"இதை ஏன் யாருமே சொல்லவில்லை?" என்றார் காரிக்கூத்தர்.

"வெக்கம் தம்பி. சாமி தேர ஒடைச்சு ஊரே மிதிக்கக் குடுத்தோமேன்னு பட்டரய்யா அப்பா சாகுற வரைக்கும் கருவறைக்குள்ள போகல. கழுதை கட்டுன வடம்னு அதைப் பண்டிதரோட அப்பா குழி தோண்டிப் பொதைச்சுட்டாரு. அடிகளுங்க மாசக்கணக்கா நோன்பு கெடந்தாங்க. அவங்க அவங்க பாவம்னு அவங்க அவங்க மறைச்சாங்க. நாம எதுக்குக் கிளறணும்னு நாங்களும் விட்டுட்டோம்."

"கோட்டை வாசலுக்கு வந்து ராஜா முன்னால் இதைச் சொல்வீர்களா, அக்கா?"

"ஓடத்த யாரு பாத்துக்குவா?"

"நான் பார்த்துக்கொள்ள ஆள் விடுகிறேன்."

"ஆளா? நீ பாத்துக்கிறேன்னு சொல்லிருவியோன்னு பயந்தேன்" என்றாள் ஆவுடைச்சி. "வரேன் போ."

பதினைந்தாம் நாள் காலை, ஊர் முழுக்கக் கோட்டை வாசலில் கூடியது. மூன்று கூட்டமாக நின்றார்கள். சிலர் கையில் கழி இருந்தது. வாசலின் குறுக்கே தரையோடு தரையாக ஒரு நீளக் கல் பதித்திருந்தது. அதன்மேல் ஒரு துணி விரித்திருந்தது. மன்னர் சிம்மாசனத்தில் நிம்மதியில்லாமல் உட்கார்ந்திருந்தார். பல்லவராயர் கல்லைச் சோதிப்பவர் போல அதன்மேலேயே ஏறி நின்றுகொண்டு, "ம், நடக்கட்டும்" என்றார்.

காரிக்கூத்தர் கைகூப்பினார். "மன்னர் பெருமானே, இது அடிக்கல். அடியில் கிடக்கும் கல். கோட்டைக்குள் போகிறவர்கள் எல்லாரும் இதை மிதித்துக்கொண்டுதான் போகவேண்டும். ஆள், யானை, எருமை, கழுதை எல்லாம். இதில் எந்தத் தெய்வத்தின் பெயர் இருக்கவேண்டும் என்று மூன்று பெரியவர்களும் சொல்லட்டும். முதலில் அமைச்சரைக் கேட்கிறேன். ஐயா, செருப்புக் காலோடு எந்தத் தெய்வத்தின்மேல் நிற்கிறீர்கள்?"

பல்லவராயர் பரம சிவபக்தர். தணலை மிதித்தவர் போல ஒரே துள்ளலாகக் கீழே குதித்தார். ஒரு செருப்பு கல்லின் மேலேயே தங்கிவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஈசான பண்டிதர் பதறினார். "எம்பெருமான் பெயரைக் கழுதை மிதிப்பதா? கூடவே கூடாது!"

"பெருமாள் பெயரும் வேண்டாம்" என்றார் பட்டர் அவசரமாக.

"அருகதேவர் பெயர் காலடியில் கிடக்க நாங்கள் சம்மதியோம்" என்றார் அடிகள்.

இவ்வளவு நாளும் எங்கள் பெயர், எங்கள் பெயர் என்று சண்டை போட்டவர்கள், இப்போது எங்கள் பெயர் வேண்டாம் என்பதில் ஒன்றாக நின்றார்கள். மன்னரின் உதட்டோரம் துடித்தது. ஆனால் அமைச்சர் விடவில்லை.

"பெயர் பொறிக்காவிட்டால் ஆணையை மீறியதாகும்! நாடு கடத்தவேண்டும்!"

"பொறித்துவிட்டேனே, ஐயா" என்று சொல்லிக் காரிக்கூத்தர் துணியை இழுத்தார்.

கல்லில் ஒரே ஒரு சொல் இருந்தது. 'பலகை.'

கூட்டம் ஒரு கணம் விழித்தது. "பலகையா?" என்று கத்தினார் நாவேந்தர். "தெய்வத்தின் பெயரல்லவா பொறிக்கச் சொன்னது!"

"அப்படியா? ஆணை ஓலையை வாசியுங்கள், புலவரே. தாங்கள் எழுதியதுதான்."

நாவேந்தர் கம்பீரமாக ஆரம்பித்தார். "'இந்த நாடு எதன்மேல் காலூன்றி எழுந்ததோ, அதன் பெயரை...'" குரல் பாதியில் இறங்கிவிட்டது. அமைச்சர் அவரைப் பார்த்த பார்வையில் ஓலை எரிந்திருக்க வேண்டும்.

"எதன்மேல் காலை வைத்து இந்த நாட்டுக்கு வந்தார்களோ, அதன் பெயரை அப்படியே எழுதிவிட்டேன்" என்றார் காரிக்கூத்தர். "காலை வைத்தவரே வந்திருக்கிறார்."

ஆவுடைச்சி முன்னால் வந்தாள். ஓடத்தில் சொன்னதை அப்படியே சொன்னாள். கடைசியில் மன்னரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க, ராசா. ஒத்தப் பேரைச் சொல்லு, இல்லேன்னா ஊரை விட்டுப் போன்னு சொன்னதுக்குத்தான் நாங்க ஆத்துல விழுந்தோம். நீங்களும் இப்ப அதத்தான கேக்குறீங்க?"

மன்னர் முகத்தில் ரத்தம் வற்றியது.

அப்போது வடமலை பட்டர் மெதுவாக முன்னால் வந்தார். "அவள் சொன்னது சத்தியம். என் தகப்பனார் கடைசிக் காலத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'தேரை உடைத்தேன், பெருமாள் மன்னிப்பாரா?' என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் புராணம் பாடச் சொன்னேன்."

ஈசான பண்டிதர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் பகை இருவருக்கும். கடைசியில் அவர் தோளில் கைவைத்தார். "பெருமாள் அந்தப் பலகையில் நின்றுதானய்யா கூடவே வந்திருப்பார். உம் தகப்பனார் உடைக்காவிட்டால் நானும் இல்லை, என் கோயிலும் இல்லை." கொஞ்சம் நிறுத்தி, "வடம் இல்லாமல் பலகை நகர்ந்திருக்காது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்" என்றார்.

"வடம் கையில் பிடித்ததல்லவா, பண்டிதரே? ஆணை காலைத்தான் கேட்கிறது" என்றார் காரிக்கூத்தர்.

"சரி, சரி. குறை சொல்லவில்லை."

சாந்திநந்தி அடிகள் கண்ணை மூடித் திறந்தார். "எங்கள் பெரியவர்கள் விரதத்தை முறித்தார்கள் என்பதை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இன்று சொல்கிறேன். எங்களுக்கும் குறையில்லை."

கழி வைத்திருந்தவர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

மன்னர் சின்னக் குரலில் கேட்டார். "அம்மா, அன்று நான் எங்கே இருந்தேன்?"

"உங்க ஆத்தா முதுகுல, ராசா. ஒரு வயசு. அந்தத் தெப்பத்துலதான் நின்னாங்க." ஆவுடைச்சி தயங்கினாள். பிறகு சொல்லியே விட்டாள். "பலகைய நனைச்சது ஆத்துத் தண்ணி மட்டும் இல்ல. நான் உங்க பின்னாலதான் நின்னேன். என் காலெல்லாம் நனைஞ்சுது."

மழவராயர் சிரிக்க ஆரம்பித்தார். கிரீடம் சரிந்தது. அதைப் பிடிக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ராஜாவே சிரித்த பிறகு ஊருக்கு என்ன? மூன்று கூட்டமும் சிரித்ததில் யார் எந்தக் கூட்டம் என்று தெரியவில்லை.

மன்னர் தன் கையில் இருந்த கடகத்தைக் கழற்றிக் காரிக்கூத்தருக்குப் போட்டார். அது அவருடைய மெலிந்த கையில் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போயிற்று. "காரிக்கூத்தரே, உம்மை விரட்டும் ஆணைக்கு முத்திரை வைத்தவன் நான். என்னை மன்னித்துவிடும். ஆற்றங்கரையில் ஒரு வீடும் நிலமும் உமக்கு. நாவேந்தரே, இன்னொரு புராணம் பாடும். இந்தத் தடவை எல்லாரும் நன்றாக நனைய வேண்டும். ஆவுடைச்சியின் தகப்பன் பெயர் அதில் முதல் அடியில் வர வேண்டும். பல்லவராயரே, அவர் பாடி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது உமது வேலை."

நாட்டிலேயே இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். அமைச்சர் பெருமூச்சு விட்டார்.

பிறகு கோட்டைக்குள் நுழையும் நேரம் வந்தது. ஒருவரும் நுழையவில்லை. இவ்வளவு கேட்ட பிறகு அந்தக் கல்லை மிதிக்க யாருக்கும் கால் வரவில்லை. ஒருத்தி எங்கிருந்தோ குங்குமம் கொண்டுவந்து கல்லின் மூலையில் வைத்தாள். இன்னொருவர் பூ வைத்தார். பட்டர் கற்பூரம் கேட்டு அனுப்பினார். பண்டிதர் அதைச் சுற்றி ஒரு வேலி போட்டால் நல்லது என்றார். மன்னரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். காரிக்கூத்தர் தலையில் கைவைத்துக்கொண்டார். இதற்கு அவரிடம் விகடம் எதுவும் இல்லை.

ஆவுடைச்சி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். துறையில் ஓடம் காத்திருந்தது. நேரமாகிவிட்டது.

"தள்ளுங்க. மிதிக்கத்தானே தேர ஒடைச்சுப் போட்டாரு அந்த மனுசன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்லின் நடுவில் காலை அழுத்தி வைத்து உள்ளே போனாள்.

மன்னர் பட்டருக்கு ஒரு கையும் பண்டிதருக்கு ஒரு கையும் கொடுத்துக்கொண்டு அவள் பின்னால் மிதித்துப் போனார். அடிகள் கல்லில் எறும்பு ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு மிதித்தார். அப்புறம் ஊர் முழுக்க மிதித்துக்கொண்டு உள்ளே போயிற்று.